வாவிக்கரையில் வைகாசியும் ஆடியும்

மட்டக்களப்பு நாட்டிலே கோடை என்பது வெயில் மட்டுமன்று. பெரும்போக அறுவடை முடிந்து, களங்கள் வெறிச்சோடிக் கிடக்க, கச்சான் காற்று வறண்டு வீசுங் காலம் அது. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியின் நீர்மட்டம் தாழ்ந்துவிடும். கடலோடு அது கலக்கும் முகத்துவாரத்தை மணற்றிட்டு வந்து அடைத்துக்கொள்ளும். சூரியன் எழுகின்ற பக்கமாகிய எழுவான்கரையிலும், அவன் சாய்கின்ற பக்கமாகிய படுவான்கரையிலும் மக்களுக்குச் சற்றே ஓய்வு கிடைக்கின்ற இக்காலத்திலேதான், மறைந்தோரை நினைந்து கண்ணீர் சிந்துதலும் விழாவெடுத்து மகிழ்தலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் திருநாட்கள் வருகின்றன. ஆசியாவின் வேறு பல நாடுகளிலும் கோடை இவ்வாறே கழிகின்றது என்பதை நேயர்கள் அறிந்தால் வியப்பர்.

வைகாசி பிறந்ததும் கண்ணகி கோயில்களின் கதவு திறக்கப்படும். காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம், வந்தாறுமூலை முதலாய ஊர்களில் அம்மன் வழிபாடு தொன்றுதொட்டு நடந்துவருகின்றது. (முன்னிரண்டும் இன்று அம்பாறை மாவட்டத்துட் பட்டனவாயினும், வழக்காற்றில் அவை மட்டக்களப்புத் தமிழகமே.) இங்குள்ள பல கோயில்களின் கதவு ஆண்டு முழுதும் பூட்டியே கிடக்கும், வைகாசியில் ஒரு வார காலந்தான் திறந்திருக்கும். ஏனைய தலங்களில் ‘திருவிழா’ என்பதை இங்கே ‘சடங்கு’ என்பர். அச்சொல்லே பொருத்தமானது. ஏனெனில், அங்கு நடப்பது ஒரு வாழ்வும் ஒரு சாவும் ஆகும். கோவலன் கண்ணகி திருமணத்தைக் குறிக்கும் கல்யாணக்கால் நடப்படும். இரவுதோறும் ‘கண்ணகி வழக்குரை’ படிக்கப்படும். மதுரைக் கடைவீதியில் சிலம்பு விற்கச் சென்றவன் திரும்பி வாரான் என்பது கேட்டிருப்போர் யாவர்க்குந் தெரியும். எனினும், கொலைக்களப் பகுதி வரும்பொழுது மூதாட்டியர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வர். நமது வீட்டுப் பிள்ளை நேற்று இறந்தாற் போன்ற துயரம் அது.

சடங்கின் முடிவு குளிர்த்தி. வைகாசிப் பூரணையை ஒட்டி அது நிகழும். மதுரையை எரித்தவளின் சினம் இன்னும் ஆறவில்லை; அவ்வெம்மையே கோடையாகவும் அம்மை நோயாகவும் ஊரை வாட்டுகிறது என்பது மக்கள் நம்பிக்கை. எனவே, குளிர்த்திப் பாடல் பாடி, நீர் தெளித்து, அவளைக் குளிரச் செய்கின்றனர். அநீதி இழைக்கப்பட்ட ஒரு பெண்ணைத் தெய்வமாக்கியதோடு நில்லாமல், ஆண்டுதோறும் அவளை ஆறுதற்படுத்துவதும் தங்கள் கடன் என்று கொண்ட மக்களை நாம் வேறெங்குக் காண்போம்?

இவ்வழிபாட்டிலே பூசை செய்பவரைக் கப்புகனார் என்பர். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தின் பூசகரைக் கப்புறாளை என்று அழைக்கின்றனர். பெயர் மட்டுமா ஒன்றாயிருக்கின்றது? ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளைக் கொளுவி இழுத்து முறிக்கும் கொம்பு விளையாட்டு மட்டக்களப்பிலே புகழ்பெற்றது. வடசேரி கோவலன் கட்சி. தென்சேரி கண்ணகி கட்சி. இதையே சிங்களவர் ‘அங்கெலிய’ என்ற பெயரில் ஆடுவர். மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் கொம்பு முறித்தால் தீரும் என்பது இருசாராரின் நம்பிக்கையும் ஆகும். இன்று அது அரிதாகவே நடைபெறுகின்றது. பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ போன்ற நூல்கள் இல்லையேல் இத்தகைய வழக்காறுகளை மாணவர் அறிதல் அரிதாகியிருக்கும்.

இக்கோடையிலேயே சீனர் தம் முன்னோன் ஒருவனுக்காகப் படகோட்டுகின்றனர். சூ நாட்டின் அமைச்சனும் கவிஞனுமாகிய சூ யுவான், அரசனுக்கு நல்லது சொல்லி நாடு கடத்தப்பட்டவன். கி.மு. 278இல் தலைநகர் பகைவர் கைப்பட்டதறிந்து மீலுவோ ஆற்றிற் பாய்ந்து உயிர் நீத்தான் என்பர். அவனைக் காக்க மக்கள் படகுகளில் விரைந்தனராம். மீன்கள் அவனுடலைத் தின்னாதிருக்க ஆற்றிலே சோறு எறிந்தனராம். அதன் நினைவாகவே, சீனர் நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளிலே, டிராகன் தலை வைத்த படகுகள் போட்டியிட்டு விரைகின்றன. இலையிற் பொதிந்த பசையரிசிச் சோறு வீடுதோறும் அவிக்கப்படுகின்றது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் நம்மவர் இதனை நன்கறிவர். அரச நீதி தவறியதால் மாண்ட ஒருவனை நினைக்க வந்த நாள், பிள்ளைகள் கைகொட்டிக் களிக்கும் நாளாகிவிட்டது.

ஆடியிலே நம் கண் அமிர்தகழியின் பக்கம் திரும்புகின்றது. மட்டக்களப்பு நகரை அடுத்துள்ள மாமாங்கேசுவரர் ஆலயத் தீர்த்தத்திலே ஆடி அமாவாசையன்று கூடும் மக்கள் வெள்ளத்தை நேரிற் கண்டோரே அறிவர். தாயை இழந்தவர்க்குச் சித்திரைப் பூரணை. தந்தையை இழந்தவர்க்கு ஆடி அமாவாசை. ஈழத்துச் சைவர் வழுவாது காக்கும் விரதங்கள் இவை. யாழ்ப்பாணத்தார் அன்றைய சமையலுக்குக் காத்தோட்டிக்காய் தேடி அலைவர். அதன் கைப்பின்றி விரதம் நிறையாதாம்! மாமாங்கத்தில் ஒரு புறம் எள்ளும் நீருமாகக் குருக்கள் முன் மக்கள் அமர்ந்திருப்பர். மறுபுறம் வளையற் கடையும் மிட்டாய்க் கடையும் இரைந்துகொண்டிருக்கும். தகப்பனுக்கு நீரிறைத்து எழுந்தவரே ஈர வேட்டியோடு பேரனுக்குப் பலூன் வாங்கிக்கொடுப்பார். இதனை முரண் என்று கருதுவோர் உளர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

ஜப்பானியரின் ‘ஓபோன்’ நாட்களும் இத்தகையனவே. புத்தரின் சீடராகிய மொக்கல்லானர் தம் தாய் பசித்த பேயுருவில் வாடுவதைக் கண்டு உணவு படைத்தார். அது வாயருகே தணலாயிற்று. புத்தர் சொற்படி ஏழாம் மாதப் பூரணையில் துறவியர்க்கு உணவளிக்க, தாய் துயர் நீங்கினாள். அது கண்ட மகன் மகிழ்ந்து ஆடினாராம். அவ்வாட்டமே இன்றைய ஓபோன் நடனம் என்பர். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் நடுப்பகுதியில் முன்னோர் வீடு வந்து செல்வதாகக் கொண்டாடி, ஆற்றிலே விளக்குகளை மிதக்கவிட்டு வழியனுப்புவர். 1945 ஆகஸ்ட் 6இல் அணுகுண்டுக்கு இரையான ஹிரோஷிமாவில், அதே நாளில் காகித விளக்குகள் ஆற்றிலே மிதந்து செல்கின்றன.

வாவிக்கரைக்கும் அத்தகைய நாட்கள் உண்டு. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள் இரண்டில் தொழுது நின்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர் விடுதலைப் புலிகளின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். ஆகஸ்ட் வரும்பொழுதெல்லாம் அவ்வூர் அவர்களை நினைவுகூர்கின்றது. அடுத்த மாதம் 5ஆம் நாள், வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 தமிழர் இராணுவத்தாற் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் வீடு திரும்பவில்லை. பள்ளிவாசலில் மாண்டோர்க்கு நாளுண்டு, அடக்கத் தலமுண்டு. கொண்டு செல்லப்பட்டோர்க்கோ திதியே இல்லை. இறந்த திதி அறியாதவர்க்கு அமாவாசையில் நீர்க்கடன் செய்யலாம் என்று நம் மரபு வழிகாட்டுகின்றதுதான். ஆனால், அதைச் செய்வதெனின் அவன் இறந்தான் என்று முதலில் ஒப்புக்கொள்ளவேண்டுமே!

ஆதலால், அத்தகைய தாய்மார் ஆடி அமாவாசையன்று மாமாங்கத்துக்கு வந்தாலும், குருக்கள் பிதிரர் பெயர்களைக் கேட்கும்பொழுது பாட்டன் பெயரும் தந்தை பெயரும் சொல்லப்படுகின்றன. மகனின் பெயரை மட்டும் அவர்கள் சொல்ல விடுவதில்லை.