இரும்பு தேயுது, கணக்கு இருக்கா? – ஆலைக் கருவிகளின் அரிப்புப் பதிவேடு



சிலிம் ரிவர் வட்டாரத்தில் ரப்பர் நிரைகள் இருந்த பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. நம் மாணவர்களின் குடும்பத்தில் யாராவது ஒருவர் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்திருப்பார். அங்கே அவர் பக்கத்தில் நிற்பது நீராவி அழுத்தத்தைத் தாங்கும் இரும்பு. அந்த இரும்பு தேயும். இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பதிவேடுதான் சொல்லும். வேதியியல், இயற்பியல், கணிதம் மூன்றும் சந்திக்கும் பாடம் இது.

1. எது தேய்கிறது? ஏன்?

பழக்குலைகளை முதலில் அவிக்கும் பெரிய உருளைக் கலத்தை ஸ்டெரிலைசர் என்பார்கள். ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நீராவி உள்ளே போகும். அது குளிர்ந்து தண்ணீராகி, பழத்தின் கரிம அமிலங்களோடு அடியில் தேங்கும். அதனால் அடித்தகடு மேல்தகட்டைவிடச் சீக்கிரம் தேயும். பாய்லரில் வேறு கதை: தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் குழாய்ச் சுவரில் சின்னச் சின்னக் குழிகளைத் தோண்டும். இரண்டிலும் அடிப்படை ரெடாக்ஸ்தான். இரும்பு எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது.

2. எப்படி அளக்கிறார்கள்?

மீயொலிக் கருவியைத் தகட்டின் வெளிப்பக்கம் வைப்பார்கள். ஒலி உள்சுவர் வரை போய்த் திரும்பி வரும். எஃகில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர்.

தடிப்பு = வேகம் × நேரம் ÷ 2

ஏன் இரண்டால் வகுக்கிறோம்? ஒலி போய் வருவது இரட்டைத் தூரம். தேர்வில் மாணவர்கள் மறக்கும் இடம் இதுதான். இன்னொன்று: சூடான எஃகில் ஒலியின் வேகம் குறையும். குளிர்ந்த எஃகுக்குச் சரிசெய்த கருவியைச் சூடான தகட்டில் வைத்தால், உண்மையைவிடத் தடிப்பைக் கூட்டிக் காட்டும்.

3. பதிவேட்டில் என்ன இருக்கணும்?

- கருவி எண்: மலேசியாவில் பாய்லருக்கு பி.எம்.டி., மற்ற அழுத்தக் கலங்களுக்கு பி.எம்.தி. என்று தொடங்கும் பதிவு எண் உண்டு. (மின்தூக்கியில் ஏறும்போது பாருங்க, பி.எம்.ஏ. எண் இருக்கும்.)
- அடிப்படை விவரம்: எந்த உலோகம், எந்த ஆண்டு, முதல் தடிப்பு, தாங்க வேண்டிய அழுத்தம், குறைந்தபட்சத் தடிப்பு.
- அளவீட்டுப் புள்ளி: ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண், வரைபடத்தில் அதன் இடம்.
- ஒவ்வோர் அளவும்: தேதி, தடிப்பு, வெப்பநிலை, அளந்தவர், பயன்படுத்திய கருவி.
- பழுது வரலாறு: எந்தத் தகடு எப்போது மாற்றப்பட்டது.

தகடு மாற்றிய தேதியை எழுதாவிட்டால், பழைய தகட்டின் அளவையும் புதிய தகட்டின் அளவையும் சேர்த்து "இரும்பு வளர்ந்துவிட்டது" என்று பதிவேடு சொல்லும்!

இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம்? 2012 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் செவ்ரான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஒரு குழாய் வெடித்தது. சூடான எண்ணெயில் இருந்த கந்தகச் சேர்மங்கள் அதை அரித்திருந்தன. அந்தக் குழாய் வரிசையில் நிரந்தர அளவீட்டுப் புள்ளிகள் இருக்கத்தான் செய்தன. ஆனால் வெடித்த 52 அங்குல நேர்த்துண்டில் ஒன்றுகூட இல்லை. சிலிக்கான் குறைவான அந்தத் துண்டு மற்றவற்றைவிட வேகமாகத் தேய்ந்திருந்தது. ஊழியர்கள் 19 பேர் ஆவி மேகத்தில் சிக்கி, உயிர் தப்பினார்கள். புகையால் சுமார் 15,000 பேர் சிகிச்சை தேடிப் போனார்கள்.

4. கணக்கு

ஒரு புள்ளியில் கிடைத்த அளவுகள் என்று வைத்துக்கொள்வோம் (எண்கள் கற்பனை, குறைந்தபட்சத் தடிப்பு 9.0 மி.மீ.):

- 2014: 12.0 மி.மீ.
- 2020: 11.4 மி.மீ.
- 2022: 10.8 மி.மீ.

நீண்டகால வேகம்: 1.2 ÷ 8 = ஆண்டுக்கு 0.15 மி.மீ.
குறுங்கால வேகம்: 0.6 ÷ 2 = ஆண்டுக்கு 0.3 மி.மீ.

மிச்சம் இருப்பது 10.8 − 9.0 = 1.8 மி.மீ. முதல் வேகப்படி ஆயுள் 12 ஆண்டு. இரண்டாவதன்படி 6 ஆண்டுதான். 2020-இன் தாள் தொலைந்திருந்தால் நமக்குத் தெரிவது 12 மட்டுமே! அதனால்தான் பழைய அளவைத் தூக்கிப் போடக்கூடாது. இரண்டு வேகமும் இப்படி விலகினால், காரணம் தெரியும்வரை பெரிய வேகத்தையே எடுப்பது பாதுகாப்பு. ஏ.பி.ஐ. 510 என்ற அமெரிக்க விதித்தொகுப்பின் பொது விதி: மிச்ச ஆயுளில் பாதி, அல்லது 10 ஆண்டு, இவற்றில் எது குறைவோ அதற்குள் அடுத்த உட்பரிசோதனை. இங்கே 3 ஆண்டு.

5. எதை முதலில் பார்ப்பது?

ஆபத்து = பழுதாகும் வாய்ப்பு × விளைவு

குளிர்ந்த தண்ணீர்க் குழாய் வேகமாகத் தேயலாம். ஒழுகினால் தரை நனையும், அவ்வளவுதான். பாய்லர் மெதுவாகத் தேய்ந்தாலும், வெடித்தால் உயிர் போகும். இப்படி வாய்ப்பையும் விளைவையும் கட்டங்களில் வைத்து வரிசைப்படுத்துவதே ஆபத்து அடிப்படையிலான பரிசோதனை. பதிவேடு தப்பாக இருந்தால் "வாய்ப்பு" வெறும் ஊகம். வரிசையும் தப்பாகத்தான் வரும்.

6. நம் நாட்டுச் சட்டம்

1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின் கீழ் தகுதிச் சான்றிதழுக்கான வழக்கமான இடைவெளி 15 மாதம். ஆபத்து அடிப்படையிலான சிறப்புப் பரிசோதனைத் திட்டத்துக்கு 2014-இல் விதிமுறைகள் வந்தன. தன் கருவிகளின் நிலையைத் தரவோடு நிரூபிக்கும் ஆலை, நீண்ட இடைவெளிக்கு விண்ணப்பிக்க அது வழி செய்தது. 2024 ஜூன் 1 முதல் 1967 சட்டம் நீக்கப்பட்டது. தகுதிச் சான்றிதழ் இப்போது 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ் வருகிறது.

மாணவர்களுக்குப் பயிற்சி

ஒரு புள்ளியில் 2014-இல் 10.0, 2020-இல் 9.4, 2024-இல் 8.4 மி.மீ. குறைந்தபட்சத் தடிப்பு 6.4 மி.மீ. பாதுகாப்பான மிச்ச ஆயுள் எவ்வளவு? அடுத்த உட்பரிசோதனை எத்தனை ஆண்டுக்குள்?

(விடை: குறுங்கால வேகம் ஆண்டுக்கு 0.25 மி.மீ.; மிச்ச ஆயுள் 8 ஆண்டு; பரிசோதனை 4 ஆண்டுக்குள்.)

ஆசிரியர்கள் இதே கணக்கை 2020-இன் அளவு இல்லாமல் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். 12.5 ஆண்டு என்று வரும். இரண்டு விடைக்கும் இடையே உள்ள நாலரை ஆண்டு, அந்தக் கலத்தின் பக்கத்தில் நிற்பவருக்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் கேளுங்கள்.