பழைய கணினியும் புதிய தொலைக்காட்சியும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எமது பழைய மாணவர் பலரின் இல்லங்களிலே இன்று ஒரே காட்சியைக் காண்கின்றோம். கூடத்துச் சுவரிலே, கடல்கடந்து வாழும் மகனோ மகளோ விடுமுறையில் வந்தபோது வாங்கி மாட்டிய பெரிய தொலைக்காட்சிப் பெட்டி. அறை மூலையிலே, அதே பிள்ளை உயர்தரப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் வாங்கிய மேசைக் கணினி. அதன்மேல் ஒரு துணி. கணினி பழுதன்று. அதன் சிறிய திரை மங்கிவிட்டது. பார்ப்பவர் கண்ணும் மங்கிவிட்டது. இரண்டையும் இணைத்தால் என்ன என்று நண்பர் சிலர் எம்மைக் கேட்டனர். அவர்களுக்கு வாய்மொழியாகக் கூறியவற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

இவ்வெண்ணம் புதியதன்று. இலங்கையில் 1979 ஏப்ரலிலே சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியிலே ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. அதே 1982இல் இங்கிலாந்திலே வெளிவந்த சிங்கிளேயர் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினிக்குத் தனித்திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியின் அன்ரெனாத் துளையிலேயே அதன் வடத்தைப் பொருத்தினர். குறுக்கே 256 புள்ளிகள், நெடுக்கே 192. ஒரு வரிக்கு 32 எழுத்துகள். பின்னர் இரண்டும் வெவ்வேறு வழியிற் சென்றன. 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் கொணர்ந்த பதினைந்து ஊசி கொண்ட வி.ஜி.ஏ. இணைப்புக் கணினித் திரைக்கே உரியதாயிற்று. 2002இன் இறுதியில் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. இணைப்பே பிரிந்தவற்றை மீண்டும் சேர்த்து வைத்தது.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்க வேண்டும். இன்றைய 4கே தொலைக்காட்சியிலே குறுக்கே 3840, நெடுக்கே 2160, ஆக ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள. எமது பழைய பெட்டி இத்துணைப் புள்ளிகளை எங்ஙனம் நிரப்பும் என்று பலர் மலைக்கின்றனர். நிரப்ப வேண்டுவதில்லை. பத்துப் பதினைந்தாண்டுப் பழமையுடைய கணினிகளுட் பெரும்பாலானவை 1920க்கு 1080 என்னும் அளவை அனுப்ப வல்லன. இவ்வெண்களை இருமடங்காக்கிப் பாருங்கள்: 3840, 2160. நான்காக மடித்த தாள்போல, கணினியின் ஒரு புள்ளி திரையின் நான்கு புள்ளிகளில் மிச்சமின்றிப் பொருந்திவிடும். தொலைக்காட்சியே அதனைச் செய்துகொள்ளும். மாறாக, பழைய சதுரத் திரைகளுக்குரிய 1280க்கு 1024 என்னும் அளவை அப்படியே விட்டுவைத்தால், முகங்கள் அகன்று எழுத்துகள் கலங்கும். பலர் கணினியைக் குறை கூறுவது இவ்விடத்திலேதான். குறை அளவிலேயன்றிக் கணினியில் இல்லை.

அடுத்து, கைவிளக்கொன்றை எடுத்துக் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வாயில் இருப்பின் ஒரு வடமே போதும். வெண்ணிறமான டி.வி.ஐ. வாயில் இருப்பினும் கவலையில்லை. அதிற் செல்லும் எண்வடிவச் சைகையும் எச்.டி.எம்.ஐ.யிற் செல்வதும் ஓரினம். ஒரு முனை டி.வி.ஐ., மறுமுனை எச்.டி.எம்.ஐ. ஆன எளிய வடம் கிடைக்கும். ஆயின் ஒலி பெரும்பாலும் வாராது; கணினியின் பச்சைத் துளையிலிருந்து ஒலிபெருக்கிக்குத் தனி வடம் இடல் வேண்டும். பின்புறத்திலே இரண்டிடங்களில் வாயில்கள் காணப்படின், தனியே செருகிய காட்சி அட்டையில் உள்ளதையே பயன்படுத்துக. மற்றது பல கணினிகளிலே செயலற்றிருக்கும்.

நீலநிற வி.ஜி.ஏ. மட்டுமே உளதாயின் சிக்கல் தொடங்குகின்றது. அதிற் செல்வது எண்ணன்று, ஏறியிறங்கும் மின்னழுத்தம். அதனை அளந்து எண்ணாக மாற்றுங் கருவி இடையே வேண்டும்; அக்கருவிக்கு மின்னும் வேண்டுமாகையால் அதிலிருந்து ஒரு யு.எஸ்.பி. வால் தொங்கும். இங்கே நாமும் ஒருமுறை ஏமாந்தோம். கடையொன்றிலே கேட்டு வாங்கி வந்ததைப் பொருத்த முயன்றபோது அது வாயிலிற் பொருந்தவேயில்லை. எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ. ஆக்கும், எதிர்த்திசைக் கருவி அது! இரண்டும் உருவில் உடன்பிறந்தவை போலிருக்கும். ஒருவழிப் பாதைபோல ஒரு திசையிலேயே இயங்கும். வேறுபடுத்தி அறிய ஒரு வழி உண்டு. உங்களுக்கு வேண்டியதன் வி.ஜி.ஏ. முனையிலே ஊசிகள் நீட்டி நிற்கும். துளைகள் இருந்தால் வாங்காதீர்கள். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ வாங்குவோர் கடை வாயிலிலேயே இதனைப் பார்த்துவிடுதல் நலம்.

கடலோர வெள்ளவத்தை வாசிகளுக்கு இன்னொன்று. உப்புக்காற்று உலோக முனைகளை அரிக்கும். படம் விட்டுவிட்டுத் தெரியின் புதுப் பெட்டி வாங்க ஓடாது, மின்னை நிறுத்தி வடத்தைச் சில முறை கழற்றிப் பூட்டிப் பாருங்கள். பூட்டுமுன் இரு பெட்டிகளின் செருகிகளையும் சுவரிலிருந்து கழற்றல் அவசியம். ஏப்ரலிலும் ஐப்பசி கார்த்திகையிலும் மாலை இடி முழங்கத் தொடங்குமுன்னரே அன்ரெனா வடத்தையும் கழற்றிவிடுக. முன்பு அதன்வழி வரும் மின்னல் தாக்கத்துக்குத் தொலைக்காட்சி ஒன்றே இரையாகும். இணைத்தபின் கணினியும் உடன் செல்லும்.

எல்லாம் பூட்டியாயிற்று, படமும் வந்தது, ஆனால் திரையின் ஓரங்களைக் காணவில்லை. கீழ்வரிசைப் பொத்தான்கள் சட்டத்துக்குள் மறைந்தனபோலிருக்கும். இது குழாய்த் தொலைக்காட்சிக் காலத்து வழக்கத்தின் எச்சம். அக்காலத்திலே படத்தின் விளிம்பு தள்ளாடுமாகையால், படத்தைச் சற்றுப் பெருக்கி விளிம்பை மறைத்தனர். குழாய் போயிற்று, வழக்கம் போகவில்லை. தொலைக்காட்சியின் பட அளவுப் பட்டியிலே ‘ஜஸ்ட் ஸ்கான்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்பன போன்ற பெயருடன் இருப்பதைத் தெரிக. கணினி பூட்டிய வாயிலுக்குப் ‘பிசி’ எனப் பெயரிடவும் பல பெட்டிகள் இடந்தரும். அங்ஙனம் பெயரிட்டால் நிறங்களைச் சுருக்குதல், கூர்மையைச் செயற்கையாய் ஏற்றுதல் ஆகியவற்றைப் பெட்டி கைவிடும். சிவப்பு எழுத்தின் ஓரம் கசிவது இதனால் நிற்கும். கிரிக்கெட்டுக்கு உகந்த அலங்காரம் எழுத்துக்கு ஆகாது.

முழு 4கே அளவையே அனுப்ப விரும்புவோர் புதிய காட்சி அட்டை செருகலாம். பழைய எச்.டி.எம்.ஐ. 1.4 வாயில் அவ்வளவை விநாடிக்கு 30 படமாகவே அனுப்பும். சுட்டி கனத்து நகரும். 2013இல் வந்த 2.0 வகை 60 படம் தரும். எனினும் 43 அங்குலத் திரையில் முழு அளவு என்பது ஏறத்தாழ 22 அங்குலத் திரைகள் நான்கினை ஒட்டிவைத்தது போன்றதே. எழுத்துச் சிறிதாகவே இருக்கும். கண் மங்கியவர்க்கு அதனாற் பயன் யாது? 1920க்கு 1080இல் வைத்து இரண்டு மீற்றர் தள்ளி அமர்தலே எமது துணிபு. கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய கூடங்களிலும் அவ்வளவு இடம் உண்டு. விண்டோஸ் 7க்குரிய பாதுகாப்பு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு உரிய பொது ஆதரவு 2025 ஒக்டோபரிலும் முடிந்தன. அத்தகைய கணினியில் வங்கிக் கணக்கைத் திறவாதீர்கள். வாசிப்புக்கு அது தாராளம்.

அண்மையிலே எம் வகுப்புத் தோழர் ஒருவரின் வீட்டிலே இவ்வாறு பூட்டிக் கொடுத்தோம். மூன்று வருடமாக அச்சேட்டைக் கையிலெடாதவர் அவர். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் பல படமாக்கப்பட்டுள்ளன. அவற்றிலொன்றைத் திறந்து, ஒரு பத்தி சுவரளவு விரியுமாறு பெருக்கினோம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டவர், இரண்டாம் வரியிலே றன்னகரம் நிற்கவேண்டிய இடத்தில் டண்ணகரம் நிற்பதைச் சுட்டி, “அச்சுப்பிழை” என்றார்.