அம்மாவும் சறுக்கலாம், வாங்க!

விடுமுறை வந்தால் வீட்டில் எல்லோருக்கும் குஷிதான். ஆனால் அம்மாவுக்கு? ஊர் மாறும்; வேலை மாறாது. பெட்டி அடுக்குவதிலிருந்து, போன இடத்தில் குழந்தைக்கு மூக்குத் துடைப்பது வரை எல்லாம் அவள் தலையில்தான். பனிமலைக்குப் போகிற குடும்பங்களில் இது இன்னும் மோசம். "நீ சின்னவனைப் பார்த்துக்கோ, நாங்க ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறோம்" என்று மற்றவர்கள் மேலே ஏறிவிடுவார்கள். அம்மா கீழே காபிக் கடையில், மூட்டை முடிச்சுகளுக்குக் காவல்!

இப்படி ஆகாமல், வீட்டுத் தலைவியும் ஓடியாடி விளையாடி, வயிறாரச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்க ஒரு வழி இருக்கிறது. அதுதான் கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங். இத்தாலியின் தொப்பியாகோ என்ற மலையூரில் அப்படி ஒரு வாரம் கழிக்க என்னென்ன ஏற்பாடு வேண்டும் என்று பார்ப்போமா?

இது என்ன சறுக்கல்?

மலை உச்சியிலிருந்து சரேலென்று இறங்குகிறார்களே, அது வேறு ஆட்டம். இது மேடும் தாழ்வும் அதிகமில்லாத பாதையில், நடையும் சறுக்கலும் கலந்து போவது. பலகைகள் நீளமாக, ஒல்லியாக, லேசாக இருக்கும். பூட்ஸின் முன்நுனி மட்டும் பலகையோடு பூட்டிக்கொள்ளும். குதிகாலைத் தாராளமாகத் தூக்கலாம்.

இதில் இரண்டு வகை. 'கிளாசிக்' என்பது, இயந்திரம் போட்டுவைத்த இரட்டைப் பள்ளக் கோடுகளில் காலை வைத்து நேராகப் போவது. 'ஸ்கேட்டிங்' என்பது, அகலமான பாதையில் காலைப் பக்கவாட்டில் உதைத்து வேகமாகப் போவது. புதிதாகக் கற்பவர்களுக்குக் கிளாசிக்தான் சரி. இரண்டு மூன்று பாடங்கள் எடுத்துக்கொண்டால் சமதளத்தில் தைரியமாகப் போகலாம்.

பெண்களுக்கு இதெல்லாம் சரிப்படுமா என்று யாராவது இழுத்தால், இதைச் சொல்லுங்கள். இத்தாலியில் 1971 முதல் நடக்கும் மார்ச்சலோங்கா என்ற 70 கிலோமீட்டர் பந்தயத்தில் பெண்களை முறைப்படி சேர்த்துக்கொண்டதே 1978-ல்தான். அதே நாட்டின் ஸ்டெஃபானியா பெல்மோந்தோ, 2002 ஒலிம்பிக்கில் ஓட்டத்தின் நடுவே கைக்கோல் உடைந்து பின்தங்கியும், வேறு கோல் வாங்கிக்கொண்டு விரட்டிப் பிடித்துத் தங்கம் வென்றார்!

ஏன் தொப்பியாகோ?

வட இத்தாலியில், ஆஸ்திரிய எல்லைக்குப் பக்கத்தில், டோலமைட் மலைகளின் காலடியில் இருக்கும் ஊர் இது. உயரம் சுமார் 1,250 மீட்டர்தான். ஆரோக்கியமானவர்கள் மூச்சு முட்டும் என்று பயப்பட வேண்டாம். இங்கே ஜெர்மன் பேசுகிறவர்களே அதிகம். அவர்கள் ஊரைத் 'தோப்லாஹ்' என்பார்கள். அதனால் பலகைகளில் இரண்டு பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இந்த ஊரின் அழகான பாதை, கோர்த்தினா ஊருக்குப் போகும் பழைய ரயில் பாதை. 1960-களில் ரயில் நின்றுபோனது. இப்போது கோடையில் சைக்கிள், குளிர்காலத்தில் ஸ்கீ! ரயில் ஏறிய பாதை என்பதால் ஏற்றம் மெல்ல மெல்லத்தான் வரும். முழுத்தூரம் சுமார் 30 கிலோமீட்டர். புதியவர்கள் அதற்கு ஆசைப்பட வேண்டாம். ஏரி வரை போய்த் திரும்பினாலே போதும். கொஞ்சம் பழகியவர்கள் லாண்ட்ரோ வரை போனால், 'த்ரே சீமே' என்கிற மூன்று சிகரங்கள் தரிசனம் தரும். அலுத்துப் போனால் திரும்பி வர பஸ் உண்டு.

எப்போது, எப்படி?

டிசம்பர் பாதியிலிருந்து மார்ச் பாதி வரை சீசன். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பிப்ரவரி கார்னிவல் நாட்களில் கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். ஜனவரியின் பின்பாதி சிக்கனம். ஆனால் குளிர் வாட்டும். கைக்குழந்தை உள்ளவர்களுக்கு மார்ச் முதல் வாரம் இதம். அப்போது பிற்பகலில் பனி இளகிவிடும் என்பதால், சறுக்கலைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வெனிஸ், வெரோனா, இன்ஸ்ப்ரூக், மியூனிக் இவற்றில் எதிலாவது விமானம் இறங்கி, ஃபோர்த்தெத்சா சந்திப்பில் ரயில் மாறினால் தொப்பியாகோ ஸ்டேஷனிலேயே இறங்கலாம். சில சமயம் பராமரிப்புக்காக ரயிலை நிறுத்திப் பஸ் விடுவார்கள். குழந்தைகளோடும் பெட்டிகளோடும் திண்டாடாமல் இருக்க, உங்கள் தேதியைச் சொல்லி முன்பே விசாரித்துவிடுங்கள்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்கமாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். அதில் குளிர்கால விளையாட்டுகளும் அடங்குமா என்று ஒரு வரி விடாமல் படித்துப் பாருங்கள். பல பாலிசிகளில் அது சேர்ந்திருக்காது.

சமையலுக்கு லீவு

தங்குமிடம் பார்க்கும்போதுதான் அம்மாவின் விடுமுறை தீர்மானமாகிறது. "சமையலறையோடு வீடு எடுத்தால் மிச்சமாகுமே" என்று வீட்டுக்காரர் சொல்லுவார். மிச்சம்தான், ஆனால் காலையும் இரவும் அடுப்படியில் நிற்கப்போவது யார்? 'மெத்ஸா பென்சியோனே' என்று கேளுங்கள். காலைச் சிற்றுண்டியும் இரவுச் சாப்பாடும் வாடகையிலேயே சேர்ந்துவிடும். அப்படியே, உள்ளூர் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் விருந்தினர் பாஸ் தருவார்களா என்றும் கேட்டுவிடுங்கள். பல விடுதிகளில் தருகிறார்கள்.

சைவம் சாப்பிடுகிற பெண்கள் "சோனோ வெஜெத்தாரியானா" என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். கானேதெர்லி என்ற ரொட்டி உருண்டை இந்தப் பக்கத்து விசேஷம். அதில் பன்றி இறைச்சி சேர்ப்பார்கள். கீரை அல்லது சீஸ் போட்டதைக் கேளுங்கள். சூப் கறிச்சாறில் செய்ததா என்றும் விசாரியுங்கள். போலெந்தா என்பது நம் மக்காச்சோளக் களியேதான். குழந்தைகள் சமர்த்தாகச் சாப்பிடும்.

உடம்பைத் தயார் செய்யுங்கள்

கை, கால், இடுப்பு, இதயம் எல்லாவற்றுக்கும் வேலை கொடுக்கும் விளையாட்டு இது. ஒரு மாதம் முன்பிருந்தே தினம் அரை மணி வேகநடை, மாடிப்படி ஏறுதல், பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நிற்றல் — இவ்வளவு போதும். கர்ப்பிணிகளும், பிரசவமாகிச் சில மாதங்களே ஆனவர்களும், இதயக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமாவைக் கிளப்பும். இன்ஹேலர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

உள்ளே பருத்தித் துணி வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, உடம்பு சில்லிட்டுவிடும். மெல்லிய கம்பளி, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், மேலே காற்றுத் தடுக்கும் சட்டை என்று அடுக்கடுக்காகப் போட்டால், சூடேற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். புதுப் பனி, விழுகிற புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதனால் கறுப்புக் கண்ணாடியும் சன் ஸ்கிரீனும் குழந்தைகளுக்கும் அவசியம். தாகம் தெரியாது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள்.

சின்னக் குழந்தையை உட்காரவைத்து இழுக்கும் சறுக்குவண்டி வாடகைக்குக் கிடைக்கும். இழுக்கிற உங்களுக்கு வியர்க்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கோ குளிரும். அடிக்கடி நின்று விரல்களையும் பிடரியையும் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உடனே திரும்பிவிட வேண்டும்.

விழுந்தால் வெட்கம் வேண்டாம். பக்கவாட்டில் புரண்டு, பலகைகளை இணையாக வைத்து, முட்டி போட்டு எழுந்து, சட்டென்று பாதையை விட்டு விலகுங்கள். கோடு போட்ட பாதையில் பூட்ஸோடு நடக்காதீர்கள். ஆபத்து என்றால் 112-க்கு டெலிபோன்.

ஒரே ஒரு சீட்டு

இத்தனை ஏற்பாட்டிலும் முக்கியமானது ஒரு துண்டுச் சீட்டு. கிளம்பும் முன்பே கணவரோடு உட்கார்ந்து எழுதிவிடுங்கள்: காலை 9 முதல் 11 வரை அம்மா பாதையில், அப்பா குழந்தையோடு, 11 முதல் 1 வரை அப்பா பாதையில். பிற்பகல் எல்லோரும் சேர்ந்து. பெரிய பிள்ளைகளை ஸ்கீ பள்ளியில் காலை வகுப்புக்குச் சேர்த்துவிட்டால் இன்னும் சுலபம். "போன இடத்தில் பார்த்துக்கலாம்" என்று விட்டால், பார்த்துக்கொள்கிறவள் நீங்களாகத்தான் இருப்பீர்கள்!

அந்த இரண்டு மணி நேரம் உங்களுடையது. யாரும் கூப்பிடாத அமைதி, பலகை பனியில் உரசும் சத்தம், உங்கள் மூச்சு மட்டும். திரும்பி வந்து சின்னவனைத் தூக்கும்போது, கையில் புதுத் தெம்பு இருக்கும்.