பணப்பெட்டியின் சாவி

கடன் வாங்குபவரே வட்டியையும் குறிக்கலாமா? வகுப்பில் நான் அடிக்கடி எழுப்பிய வினா இது. அவ்வாறு குறித்தால் பணம் பெருகும், விலை ஏறும், ஏழையின் சேமிப்புக் கரையும். ஆகவேதான் செலவிடும் அரசாங்கத்தினின்றும் வேறாக மத்திய பாங்கு ஒன்று வேண்டும் என்பர்.

நம் ரிசர்வ் பாங்கு 1935 ஏப்ரல் 1-இல் பங்குதாரர் நிறுவனமாகத் தோன்றி, 1949 ஜனவரி 1-இல் நாட்டுடைமையாயிற்று. அதன் கவர்னரை நியமிப்பது மத்திய அரசாங்கம். அவரைக் கலந்தபின், பொதுநலன் கருதிப் பாங்குக்குக் கட்டளையிடவும் சட்டத்தின் 7-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

1956 இறுதியில் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி உண்டியல்களின் முத்திரைத் தீர்வையை உயர்த்த, ரிசர்வ் பாங்கிடம் பிற பாங்குகள் பெறும் கடனின் செலவு ஏறியது. இது தம் பாங்கின் பணியில் தலையிடுவதாகும் எனக் கவர்னர் பெனகல் ராமராவ் கருதினார். பிரதமர் நேரு அமைச்சர் பக்கம் நின்றார். 1957 ஜனவரியில் ராமராவ் பதவி துறந்தார்.

வட்டியைக் குறிப்பார் யார் என்பதை 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் வரையறுத்தது. பணக்கொள்கைக் குழுவில் அறுவர்: பாங்கினர் மூவர், அரசாங்கம் நியமிப்போர் மூவர். வாக்குகள் சமமாயின் கவர்னருக்கு மற்றொரு வாக்கு உண்டு. பணவீக்கத்தின் இலக்கை, பாங்கைக் கலந்து, அரசாங்கம் குறிக்கிறது. அதனை எய்தும் வட்டியைக் குழு குறிக்கிறது.

இலக்கு மக்களின் பிரதிநிதிகளுடையது. வழி, தேர்தலை எதிர்நோக்காதவருடையது. மத்திய பாங்கின் சுதந்திரம் என்பது இந்தப் பங்கீடே.