தண்ணீர் இலவசம், பெயர்தான் முதல்

வெந்நீர் ஊற்று ஊர்களுக்கு மக்கள் போவது நோய் தீர. எனக்கோ எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள கடைவீதியைப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகனிடம் போயிருந்தபோது, பக்கத்து நாடான செக் நாட்டின் கார்லோவி வாரிக்கு அழைத்துச் சென்றான்.

டெப்லா ஆற்றின் இருகரையிலும் அமைந்த ஊர். 1370-ல் பேரரசர் நான்காம் சார்லஸ் இதற்கு நகர உரிமை அளித்தார். பெரிய ஊற்றில் சுமார் 73 டிகிரி சூட்டில் நீர் பீறிட்டு 12 மீட்டர் வரை எழும்புகிறது. 124 தூண்கள் கொண்ட மண்டபத்தில் ஊற்று நீரை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பிடித்துக் குடிக்கலாம்.

குடிப்பதற்கு ஒரு முறை உண்டு. பீங்கான் குவளையின் கைப்பிடியே உறிஞ்சுகுழல். மெதுவாக நடந்தபடி சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். உப்பும் இரும்பும் கலந்த சுவை. என் மனைவி ஒரு வாயோடு நிறுத்திவிட்டாள். வாய்க்கசப்பு மாற, தட்டு அகலத்தில் மெல்லிய வேஃபர் பிஸ்கட்டைச் சூடாகத் தருகிறார்கள். ஜோசப் பெக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் 1807-ல் வயிற்றுக்கு மருந்தாக விற்கத் தொடங்கிய மூலிகை மதுவும் உண்டு. நான் முகர்ந்து பார்த்ததோடு சரி. நம் மளிகைக் கடை கிராம்பு, பட்டை வாசனை!

ஆக, தண்ணீர் இலவசம். குவளை, பிஸ்கட், மது எல்லாம் விலைக்கு. வியாபாரிக்கு இது புரியும். ஆனால் என்னை நிறுத்திய விஷயம் வேறு. அந்தப் பிஸ்கட்டின் பெயரை ஐரோப்பிய யூனியன் 2011-ல் பாதுகாத்துவிட்டது. அந்த வட்டாரத்தில் செய்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன் வேறு ஊர்க் கடலைமிட்டாயில் கோவில்பட்டிச் சீட்டு ஒட்டி விற்றவன் நான். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது. நெடுநாள் வாடிக்கைக் கடைக்காரர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, “அண்ணாச்சி, இது அந்த ஊர்ச் சரக்கு இல்லையே” என்றார். சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவர் கணக்கு மட்டும் என்னிடம் திரும்பி வரவில்லை.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஊரின் பெயர் அந்த ஊர்த் தொழிலாளி பல தலைமுறையாகச் சேர்த்த முதல். அதை எடுத்து நாம் வியாபாரம் செய்யலாகாது. உறுப்பினர்களே, சரக்கு இறக்கும்போது விலையை மட்டும் கேட்காமல், எந்த ஊரில் செய்தது என்றும் கேளுங்கள்.