கம்பளியும் ‘கம்ப்ளி’யும்: ஏலமலைச் சூழலில் ஓர் ஆடைச்சொல்

முன்னுரை

தென்னிந்திய, இலங்கை மலைத்தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயத் துரைமாரின் எழுத்தில் ‘கம்ப்ளி’ என்றொரு சொல் வழங்கிற்று. முரட்டுக் கம்பளிப் போர்வையைக் குறித்த அச்சொல் இன்று ஆங்கிலத்தில் வழக்கொழிந்துவிட்டது. அதன் இணைச்சொல்லான ‘கம்பளி’ தமிழில் நிலைத்துள்ளது. அவ்விரு வடிவங்களின் தோற்றத்தையும் பொருளையும், போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலமலைக்குச் செல்லும் உழைப்பாளர் வாழ்வோடு பொருத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

சொல்வரலாறு

யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஆப்சன்-ஜாப்சன்’ அகராதி, இதனைக் ‘கம்பல’ என்னும் வடசொல்லோடு தொடர்புபடுத்துகிறது. போர்த்துக்கீசியத்தில் இது ‘கம்போலிம்’ என்றாகி மேலங்கியைக் குறித்ததையும் சுட்டுகிறது. ஏறத்தாழ 1350இல் எழுதிய மரிஞோலி என்னும் இத்தாலியத் துறவி, சுமையாளைக் குறிக்கும் அரபுச் சொல்லோடும் திருமுழுக்கு யோவானின் ஒட்டகமயிர் ஆடையோடும் இதனை இணைக்க முயன்றார். ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு சொல்மூலம் காண்பதன் இடரை இது உணர்த்தும்.

‘கம்ப்ளி’ என்னும் வடிவில் ‘ம்ப்’ என்னும் மயக்கமும் ஈற்று இகரமும் நிலைபெற்றுள்ளன. இந்தியின் ‘கம்லி’யில் பகரம் இல்லை. ஆகவே தமிழ், கன்னடம், மராத்தி முதலியவற்றின் வடிவங்களே இதற்கு நெருக்கமானவை. முதலெழுத்தின் அகரத்தை ஆங்கிலேயர் ‘யு’ எழுத்தால் குறித்தனர். போடிக்கு அண்மையிலுள்ள கம்பம் என்னும் ஊர்ப்பெயரையும் அவர்கள் இம்முறையிலேயே எழுதினர்.

பொருளும் பயன்பாடும்

தேயிலையை நின்றவாறு கிள்ளலாம். ஏலக்காயோ செடியின் அடியில் தோன்றும் சரங்களில் காய்ப்பதால், குனிந்தோ அமர்ந்தோ பறிக்கப்பெறுவது. பறிப்புக்காலத்தின் முற்பகுதி தென்மேற்குப் பருவமழையோடு கூடியது. தலையும் முதுகும் நனையாதிருக்க மூடாக்கு இன்றியமையாததாகிறது. மழைக்கு மடித்துத் தலையிலிட்டு முதுகில் தொங்கவிடும் மூடாக்கைத் தமிழில் ‘கொங்காணி’ என்பர். ஆங்கிலச் சொல் துணியை மட்டுமே குறிக்க, தமிழ் துணியைக் ‘கம்பளி’ என்றும் மூடாக்கைக் ‘கொங்காணி’ என்றும் பிரித்தறிகிறது.

இலங்கைத் தோட்டங்களில் கம்பளி, கூலியில் கழித்துக்கொள்ளப்படும் பொருளாகக் கணக்கேறிற்று. இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், குடை, போர்வை, மழையங்கி போன்றவற்றை வேலையளிப்போர் வழங்குமாறு விதி செய்யும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குத் தந்தது. எனினும் ஏலத்தோட்டங்கள் 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகவே அச்சட்டத்தில் பெயர்சுட்டிச் சேர்க்கப்பட்டன. அப்போதும் 5 எக்டேர் பரப்பும் 15 தொழிலாளரும் என்னும் கீழ்வரம்பு இருந்தமையால், சிறுதோட்டங்களில் உழைப்போர் அதன் பொதுவரையறைக்குப் புறத்தே நின்றனர்.

முடிவுரை

கணக்கேட்டில் கடன்பொருளாக நின்ற கம்பளி, சட்டத்தில் தொழிலாளர்க்குரிய வசதியாக இடம்பெற்றபோது ‘போர்வை’ என்னும் பொதுப்பெயருக்குள் அடங்கிற்று. அகராதிகளும் போர்வை என்னும் பொருளோடு நின்றுவிடின், அது மழையில் உழைப்போரின் ஆடையாயிருந்த வரலாறு பதிவுபெறாது போகும். ஏலமலைத் தொழில்வழக்குகளை நேரில் தொகுத்துச் சொற்பொருளோடு சேர்ப்பது, இத்துறை ஆய்வாளர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.