ஆர்டர் வந்த பிறகு மாவு பிசைந்தால்? டிஸ்லெக்சியாவோடு குரூப் 4 படிப்பது எப்படி

மதுரையில் இரவு ஒன்பது மணிக்குப் பரோட்டாக் கடையில் போய் உட்கார்ந்தால் நம் கண்ணில் படுவது கடைசி வேலை மட்டும்தான். மாஸ்டர் உருண்டையை எடுத்துத் தட்டுகிறார், வீசுகிறார், சுருட்டுகிறார், கல்லில் போடுகிறார். சப்ளையர் இலை போட்டுச் சால்னா வாளியைத் தூக்குவதற்குள் பரோட்டா வந்துவிடுகிறது. இந்த வேகம் கல்லால் வந்ததில்லை. மதியமே மைதாவைப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி ஊறப்போட்டாயிற்று. ராத்திரிக் கூட்டத்தில் யாரும் மாவு பிசைவதில்லை.

சரளமாக வாசிப்பவரின் மூளைக்குள்ளும் இதுதான் நடக்கிறது. எழுத்தைப் பார்த்து ஒலியாக்கும் வேலை சின்ன வயதிலேயே பழகிவிட்டதால், சொல் ஊறிய உருண்டையாகக் கைக்கு வருகிறது. கவனம் மொத்தமும் கல்லுக்கு, அதாவது பொருள் விளங்கிக்கொள்வதற்குப் போகிறது. டிஸ்லெக்சியா உள்ளவரிடமும் கல் அதே சூட்டில்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் அவர் மாவைப் புதிதாகப் பிசைய வேண்டும். பிசைந்ததை வைக்கும் மேடையும் சிறியது. உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974இல் விளக்கிய செயல்படு நினைவகம் அது. யாருக்குமே அது பெரிதாக இருப்பதில்லை. வரியின் மூன்றாவது சொல்லைப் பிசைந்து முடிப்பதற்குள் முதல் சொல் மேடையிலேயே காய்ந்துபோகிறது. மறுபடி வரியின் தொடக்கத்துக்கே போகிறார்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1896இல் ப்ரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், வாசிக்கவே வராத 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் அவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் அதில் பதிவு செய்திருக்கிறார். நம் ஊரில் அப்படிப்பட்ட பையனுக்கு 'மக்கு' என்று பெயர் வைத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம். அவன்தான் இப்போது முப்பது வயதைத் தாண்டி, மேலூரிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ பஸ் பிடித்து குரூப் 4 கோச்சிங்குக்கு வருகிறான்.

டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் கணக்கைப் பார்ப்போம். 200 கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு கேள்விக்கு 54 விநாடி. முதல் 100 கேள்வி தமிழ். அதற்கான 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால் மீதிப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். பொது அறிவில் புலியாக இருந்தாலும் அந்தக் கதவு திறக்காது.

தமிழ் எழுத்துக்கென்று சில முரண்டுகள் உண்டு. 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியது 'க்'. பார்க்கும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் வேறு. பழகியவருக்கு இது தெரிவதே இல்லை. பிசைகிறவருக்கு இங்கே ஒரு கூடுதல் சுற்று. போதாக்குறைக்கு நம் சொற்கள் ஒட்டிக்கொண்டே போகும். 'பின்வருவனவற்றுள்' என்பது ஒரே சொல், பத்து எழுத்து, கிட்டத்தட்டப் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆங்கிலத்தில் 'பி'யும் 'டி'யும் திரும்பித் தெரிவதுதான் டிஸ்லெக்சியா என்று சினிமா பார்த்துப் பலர் நினைக்கிறார்கள். சிக்கல் கண்ணில் இல்லை, எழுத்தை ஒலியோடு இணைக்கும் இடத்தில் இருக்கிறது.

அந்த இடத்தைத்தான் பாடத்திட்டம் நேராகக் குத்துகிறது. லகர ளகர ழகர வேறுபாடு, னகர ணகர நகர வேறுபாடு, ரகர றகர வேறுபாடு எல்லாம் தமிழ்ப் பகுதியில் உண்டு. மதுரைப் பேச்சிலோ வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடும். காதில் ஒன்றாகக் கேட்பதைக் கையால் இரண்டாக எழுது என்றால், எழுத்துக்கூட்டுவதே பாடாக இருப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? மூன்று னகரங்களுக்குப் பழைய திண்ணைப் பள்ளிப் பெயர்களைப் பிடித்துக்கொள்ளலாம் என்பேன். டண்ணகரம், றன்னகரம், தந்நகரம். ட-வுக்கு முன் ண, ற-வுக்கு முன் ன, த-வுக்கு முன் ந என்று பெயரே விதியைச் சுமக்கிறது: வண்டி, கன்று, பந்து. லகர ழகரத்துக்கு இப்படிக் குறுக்குவழி கிடையாது. 'தால், தாள், தாழ்' போன்ற கூட்டங்களைப் பெரிய எழுத்தில், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே, விரலால் தடவி எழுதிப் பழக வேண்டியதுதான். கண், காது, கை மூன்றையும் ஒரே நேரத்தில் வேலைக்கு இழுப்பதே, டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு வாசிக்கக் கற்பிக்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையின் அடிப்படை. பெரியவர்களுக்கு இதைச் செய்யக் கூச்சமாக இருக்கும். இருக்கட்டும்.

இனி மதிய வேலை. கேள்வித்தாள் மொழியில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சொற்பம்: பின்வருவனவற்றுள், பொருத்துக, கூற்று, காரணம், தவறான இணை, பொருந்தாதது. இவற்றைப் பாடம் தொடங்கும் முன்பே உருண்டை பிடித்து வைத்துவிட வேண்டும். 'பின் / வருவன / வற்றுள்' என்று கோடு போட்டுப் பிரித்து, பார்த்தவுடன் அடையாளம் தெரிகிறவரை பழகுங்கள். 'சரியானது எது', 'தவறானது எது' என்ற இரண்டையும் குழப்பிக்கொண்டு தெரிந்த பதிலைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். ஒவ்வொரு பாடத்துக்கும் இதே முறைதான். வாசிக்கும் முன் கடினமான பத்துச் சொல்லை மட்டும் எடுத்து, யாரையாவது சொல்லச் சொல்லிக் கேட்டு, பிறகு பக்கத்தைத் திறக்க வேண்டும்.

பாடத்தைக் காதால் வாங்குவது ஏமாற்று வேலை இல்லை. பிசைந்த மாவை வெளியிலிருந்து வாங்கினாலும் பரோட்டா போடுவது உங்கள் கைதான். சமச்சீர்ப் புத்தகங்களின் பிடிஎஃப்பை போனில் தமிழ்க் குரலில் வாசிக்கவைக்கலாம். பழைய எழுத்துருவில் இருந்தால் போன் உளறும். அப்போது கல்வித் தொலைக்காட்சியின் பாடங்கள் யூடியூபில் இருக்கின்றன. வண்ணக் கண்ணாடி, விசேஷ எழுத்துரு என்று விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். அவற்றுக்கு ஆதாரம் பலவீனம். எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவது இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு உதவியதாக 2012இல் ஓர் ஆய்வு வந்தது. அதைப் போனிலேயே இலவசமாக முயன்று பார்க்கலாம்.

கோச்சிங் சென்டர்களின் வழக்கமான மருந்து, 'இன்னும் ரெண்டு தடவ வாசிங்க தம்பி'. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு இதைவிட மோசமான யோசனை இல்லை. அவருக்கு விலை அதிகமே வாசிப்புக்குத்தான். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006இல் வெளியிட்ட சோதனையில், மறுபடி மறுபடி வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தியிருந்தார்கள். நினைவிலிருந்து எடுப்பதற்கு எழுத்துக்கூட்ட வேண்டியதில்லை. ஒருமுறை கேளுங்கள், மூடுங்கள், வாயால் சொல்லுங்கள், விட்டதை மட்டும் திரும்பக் கேளுங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் படிப்பவர்களுக்கு அருமையான இடம். ஆனால் நூலகத்தில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. அதற்குச் சாயங்காலம் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துகொண்டே சொல்வது மேல்.

தேர்வறையில் இரண்டு எச்சரிக்கை. பொது அறிவுக் கேள்விகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியிருக்கும். ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். ஓஎம்ஆர் தாளில் வரிசைக்கு ஐந்து வட்டம்; ஒரு வரிசை தவறினால் பின்னால் வருவதெல்லாம் தவறும். மாதிரித் தாளை நகலெடுத்து, கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் வீட்டிலேயே பழகியிருக்க வேண்டும்.

கடைசியாகக் காகித வேலை. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், டிஸ்லெக்சியாவை உள்ளடக்கிய கற்றல் குறைபாடு இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. 2018 ஜனவரியில் வந்த சான்றளிப்பு வழிகாட்டுதல் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது: எட்டு வயதுக்கு மேல் சோதனை, 14இல் மறுபடி, 18இல் கொடுப்பது ஆயுள் முழுக்கச் செல்லும் என்றது. பள்ளியில் யாரும் கவனிக்காமல் விட்ட பெரியவர் அந்த ஏணியில் எந்தப் படியில் கால் வைத்திருப்பார்? அது நியாயமாக இல்லை. ஆனாலும் கதவு முழுக்க மூடிவிடவில்லை. விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு 40 சதவீத ஊனம் இல்லை என்பதற்காக, அவருக்குப் பதிலாக விடை எழுதித் தருபவரை மறுக்கக் கூடாது என்றது. அதையடுத்து 2022 ஆகஸ்டில் மத்திய அரசு தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. மத்திய வழிகாட்டுதல்கள் சொல்லும் ஈட்டு நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாதது. மூன்று மணித் தேர்வு நான்கு மணியாகும். 54 விநாடி 72 ஆகும்.

டிஎன்பிஎஸ்சி அறிவிக்கையில் மாற்றுத்திறனாளிகளுக்கான பகுதியை முதலில் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தச் சான்று, எந்தப் படிவம், யார் கையெழுத்து என்பது அதில் இருக்கும். மருத்துவமனையில் மனநலப் பிரிவு, உளவியலாளர், மருத்துவக் குழு என்று நடக்க மாதக்கணக்கில் ஆகலாம். விண்ணப்பத் தேதி அதற்காகக் காத்திருக்காது. பாடத்திட்டத்தைத் தொடுவதற்கு முன்பே சான்றுக்கு அலையத் தொடங்குங்கள்.